கொலுசு இறுக்குகிறது, மெட்டி இறுக்கவில்லை

போன மாதம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா என் பிசியோதெரபி அறைக்கு வந்திருந்தார். பீடி சுற்றும் வேலை, வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அடையாளம் தெரியக் கூடாது என்பதால் ஓரிரு விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். நாற்காலியில் உட்காரும்போதே புடவையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டார். "யானைக்கால்தானே மேடம்? மறைக்காம சொல்லிடுங்க." அவர் பேச ஆரம்பித்ததே இப்படித்தான்.

மூத்த பெண் பிறந்ததிலிருந்து கால் பருத்துக்கொண்டே வருகிறதாம். கொசுக்கடியால் வந்த யானைக்கால் என்று அக்கம்பக்கத்தில் சொல்ல, ராத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது, ஆனாலும் யார் சொல்லியோ அந்த மாத்திரையையும் விழுங்கியிருக்கிறார். அப்புறம் ஒருவர், "உடம்பைக் குறைம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றிருக்கிறார். ராத்திரிச் சோற்றையே விட்டுவிட்டார். ஒன்பது கிலோ குறைந்தது. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிந்து, ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. கால் மட்டும் அப்படியே இருக்கிறது. "நான் திருட்டுத்தனமா சாப்பிடறேன்னு வீட்ல நினைக்கிறாங்க மேடம்" என்று சொன்னபோதுதான் அழுதார்.

நான் முதலில் பார்த்தது அவருடைய மெட்டியை. கல்யாணத்தன்று போட்டது, இத்தனை வருடம் கழித்தும் விரலில் தாராளமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பாதம் ஒல்லியான பாதம். கணுக்காலுக்குச் சற்று மேலேதான் திடீரென்று ஒரு வளையம் போலச் சதை தொடங்கி அங்கிருந்து இடுப்புவரை போகிறது. கொலுசைக் கழற்றி எட்டு வருடம் ஆகிவிட்டதாம், கொக்கி எட்டவே இல்லை.

யானைக்காலில் பெரும்பாலும் பாதமும் சேர்ந்தே வீங்கும், இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அரிது. காலின் இரண்டாம் விரலடியில், சரியாக நாம் மெட்டி போடும் இடத்தில், தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்போம். யானைக்காலில் தேங்குவது நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து ரத்தத்துக்குத் திரும்ப வேண்டிய நீர். அது தேங்கிய காலில் தோல் தடித்துப்போய் கிள்ளவே வராது. இதற்கு ஸ்டெம்மர் சோதனை என்று பெயர். இந்த அக்காவுக்குத் தோல் சுலபமாகக் கையில் வந்தது, இரண்டு காலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன. தொடையை லேசாக அழுத்தியதற்கே துள்ளினார். எங்கே இடித்துக்கொண்டோம் என்றே தெரியாமல் ஆங்காங்கே கன்றிப்போயிருந்தது.

இதன் பெயர் லிபெடிமா, காலில் கொழுப்பு முறைதவறிச் சேர்ந்து வலிக்கும் நோய். 1940இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11இல், இதற்குத் தனி இடம் இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளும் பெண்கள். வயதுக்கு வரும்போது, பிள்ளை பெறும்போது, மாதவிடாய் நிற்கும்போது என்று ஹார்மோன் மாறும் காலங்களில்தான் பெரும்பாலும் தொடங்கும், அல்லது கூடும். அம்மா, அத்தை, பெரியம்மா என்று குடும்பத்தில் யாருக்காவது இதே போன்ற கால் இருந்திருப்பதும் உண்டு. இத்தனை தெரிந்த பிறகும் ஒரு பெண்ணை "வாயைக் கட்டு" என்று சொல்லி அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாதாரணக் கொழுப்பு நம் வீட்டு நெல் குதிர் மாதிரி. விளைந்தபோது நிரம்பும், பஞ்சத்தில் எடுத்துச் சாப்பிட்டால் இறங்கும். லிபெடிமாவில் குதிரே மாறிவிடுகிறது. கொழுப்பு செல்கள் அளவில் பெரிதாகின்றன, புதிதாகவும் உருவாகின்றன. அவற்றுக்கு நடுவே ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து பலவீனமாகிவிடுவதால் லேசாக இடித்தாலே உடைந்து கன்றிப்போகிறது. செல்களுக்கு இடையில் ஜவ்வு போல ஒரு பொருள் எல்லோருக்கும் உண்டு, இவர்களுக்கு அது தண்ணீரையும் உப்பையும் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெருத்துப்போன சில செல்களுக்குப் போதிய ஆக்சிஜன் எட்டாமல் அவை செத்துப்போகின்றன என்று கருதுகிறார்கள். செத்த செல்லைச் சுற்றி மேக்ரோபேஜ் எனப்படும் துப்புரவு செல்கள் கூடி நிற்பதைத் திசுவை வெட்டிப் பார்த்த ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அந்தத் துப்புரவு வேலை முடிவதே இல்லை, சின்ன அழற்சியாக வருடக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கிறது, புண் ஆறும்போது தழும்பு விழுவது போல உள்ளுக்குள்ளே நார் போடுகிறது. நார் போட்ட கொழுப்பைப் பட்டினியால் கரைப்பது மிகமிகக் கஷ்டம். அந்த அக்காவின் ஒன்பது கிலோ முகத்திலும் மார்பிலும் இறங்கி, காலில் இறங்காமல் போனது அநேகமாக இதனால்தான், அவருடைய வாயால் அல்ல.

இந்த மாற்றத்தை எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகள் கையால் உணர முடியும். ஆரம்பத்தில் தோல் பார்க்க வழவழப்பாகவே இருக்கும், ஆனால் விரலால் உருட்டிப் பார்த்தால் உள்ளே ஊறவைத்த ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன மணிகள் தட்டுப்படும். இந்தக் கட்டத்தில் வருகிறவர்கள் மிகக் குறைவு, ஏனென்றால் வெளியே எதுவும் தெரியாது, "சாயந்திரமானா கால் கனக்குது" என்று மட்டும் சொல்வார்கள், நின்று வேலை செய்தால் யாருக்குத்தான் கனக்காது என்று வீட்டிலும் விட்டுவிடுவார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் இதைக் கவனிக்காமலே பல வருடம் ஓட்டிவிடுகிறார்கள்.

அடுத்த கட்டத்தில் மணிகள் பட்டாணியாகி, சில இடங்களில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருக்கும். இலவம்பஞ்சு மெத்தையில் தையல் போட்ட இடம் பள்ளமாகவும் சுற்றிலும் பஞ்சு உப்பியும் இருக்குமே, தோல் அப்படி ஆகிவிடுகிறது. உள்ளே இறுகிய நார்தான் அந்தத் தையல், அது தோலைக் கீழே இழுக்கிறது. தாண்டிப் போனால் தொடையிலும் முழங்காலின் உட்பக்கத்திலும் சதை கட்டிகட்டியாகத் திரண்டு மடிப்பாகத் தொங்கும். இரண்டு முட்டியும் உரசாமலிருக்கக் காலை அகட்டி நடப்பார்கள், அதனால் மூட்டு கோணி தேய்மானம் சீக்கிரம் வரும். வேலூர் வெயிலில், அதுவும் கத்திரியில், அந்த மடிப்புகளில் வியர்வை தங்கி அரிப்பும் புண்ணும் வருவதைத் தடுப்பதே தனி வேலை. சிலருக்குக் கையின் மேல்பாகத்திலும் இதே மாற்றம் வரும், ஜாக்கெட் கை மட்டும் ஏறாது, உள்ளங்கையும் விரலும் பழையபடி இருக்கும்.

பெருத்த திசு நிணநீர்க் குழாய்களையும் நெருக்க ஆரம்பித்தால், உடன் உடல் பருமனும் சேர்ந்துகொண்டால், லிபெடிமாவோடு நிணநீர் வீக்கமும் வந்து சேரும். அப்போதுதான் பாதம் வீங்கும், மெட்டி இறுக்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். காலில் ஒரு சின்ன வெடிப்பு போதும், கிருமி நுழைந்து கால் சிவந்து, தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர் காய்ச்சல் வந்துவிடும். அப்படி வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, எனக்கும் கடைசிக் கட்டம்வரை வந்துவிடும் என்று யாரும் பயந்துபோகக் கூடாது. இது ஏறியே ஆக வேண்டிய படிக்கட்டு இல்லை. முதல் கட்டத்திலேயே பல வருடம் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், எடை ஏறும்போதுதான் பெரும்பாலும் அடுத்த கட்டத்துக்குப் போகிறது என்று ஐரோப்பிய நிபுணர்கள் பலர் சொல்கிறார்கள். கட்டத்துக்கும் வலிக்கும்கூடச் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. மெத்தை போன்ற தோலோடு வலியில்லாமல் இருப்பவரும் உண்டு, வழவழப்பான காலோடு குழந்தையை மடியில் வைக்க முடியாமல் தவிப்பவரும் உண்டு. ஆகவே பார்வைக்குக் கால் எப்படி இருக்கிறது என்பதை வைத்து மட்டும் ஒருவரின் கஷ்டத்தை அளக்காதீர்கள் என்று என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? நீர் பிரியும் மாத்திரை இதற்குப் பயன்படாது, அந்தத் தண்ணீர் ஜவ்வோடு கட்டுண்டு கிடப்பதால் மாத்திரைக்கு வராது. காலில் இறுக்கமாகப் போடும் அழுத்த உறைகள் வலியையும் கனத்தையும் குறைக்கும், கொழுப்பைக் கரைக்காது. நம் ஊர் வெயிலில் நாள் முழுக்கப் போடச் சொன்னால் யாரும் போடமாட்டார்கள், நானும் சொல்வதில்லை, வேலை நேரத்தில் மட்டும் போடச் சொல்கிறேன். நல்ல அளவெடுத்துத் தைத்த உறையாக இருக்க வேண்டும், கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு சைஸ் கணுக்காலில் வெட்டி இன்னும் வலிக்கவைக்கும். எடை கூடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்தான், ஆனால் பட்டினி கிடந்து அல்ல. கால் இளைப்பதுதான் குறி என்று வைத்துக்கொண்டால் மனம் உடைந்துபோகும். லிப்போசக்‌ஷன் செய்து அந்தத் திசுவை எடுப்பதும் உண்டு, இந்த நோயில் அனுபவம் உள்ள அறுவை மருத்துவரிடம் மட்டுமே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

நான் அதிகம் நம்புவது தண்ணீரை. ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசம், நாம் வழக்கமாகப் போடும் அழுத்த உறை தருவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். உடம்பின் எடையும் மூட்டில் இறங்காது. நம் பெண்களுக்கு நீச்சல் குளம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். அந்த அக்காவின் அண்ணன் நிலத்தில் பம்புசெட் தொட்டி இருக்கிறது, அதில் இடுப்பளவுத் தண்ணீரில் தினமும் அரைமணி நேரம் நைட்டியோடு நின்ற இடத்திலேயே நடக்கச் சொன்னேன், பாதத்தில் வெடிப்பு இருந்தால் இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மூன்று வாரத்தில் தொடையின் சுற்றளவு மாறவில்லை. ஆனால் ராத்திரி வலியால் விழிப்பது குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கவில்லை என்கிறார். அடுத்த முறை கணவரையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அவருடைய விரலைப் பிடித்து அந்த மணிகளைத் தொட்டுப் பார்க்கவைக்கப் போகிறேன்.

இதைப் படிக்கும் யாருக்காவது இதே சந்தேகம் இருந்தால், மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோ ஒன்று, கல்யாண ஆல்பத்தில் கால் தெரியும் போட்டோ ஒன்று, அப்புறம் பீரோவில் கிடக்கும் அந்தப் பழைய கொலுசு, மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.