ப்ரீ-ஆம்ப்: முன்பெருக்கி எதைப் பெருக்குகிறது?

ஆம்ப்ளிஃபயரின் வேர் லத்தீன். ‘ஆம்ப்லுஸ்’ என்றால் பெரிய, ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். ‘ப்ரீ’யும் லத்தீன்தான், முன் என்று பொருள். ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்கு முன்னால் நின்று சிக்னலைப் பெரிதாக்குவது ப்ரீ-ஆம்ப்.

தமிழில் முன்பெருக்கி. பெருகு தன்வினை, பெருக்கு பிறவினை, அதைச் செய்வது பெருக்கி. கணக்கில் வரும் பெருக்கலும் இதே சொல்தான் என்பது இங்கே அழகாகப் பொருந்துகிறது: 26 டெசிபெல் ஆம்ப், உள்ளே வரும் வோல்டேஜை 20 ஆல் பெருக்குகிறது. முற்பகல் போல முற்பெருக்கி என்று புணர்க்கலாம். ஆனால் முன்பதிவு, முன்பணம் என்று பழகிய வாய்க்கு முன்பெருக்கியே எளிது.

இசைத்தட்டுக் காலத்தில் இந்தப் பெயர் முழு உண்மை. இசைத்தட்டின் ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். அதை 100 மடங்காவது பெருக்க வேண்டும். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி பிளேயர் 2 வோல்ட் தரும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. இன்றைய டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான சிக்னலாக்கும் இலக்க-ஒப்புமை மாற்றி) ஆர்சிஏ என்ற சாதாரண இணைப்பு வழியாக அதே 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை இணைப்பு வழியாகப் பெரும்பாலும் 4 வோல்ட் தருகிறது. 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் எழ 28.3 வோல்ட் வேண்டும். ஆம்ப் 20 ஆல் பெருக்குவதால், 20 ஆல் வகுத்தால் உள்ளே வேண்டியது 1.4 வோல்ட். டாக்கிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆகவே வால்யூம் குமிழ் உள்ள டாக்கை நேரே பவர் ஆம்ப்பில் இணைத்து ப்ரீ-ஆம்ப்பாக வைக்கும்போது அது செய்வது தணித்தல். ‘தணிப்பி’ என்பதே அதற்கு நேர்மையான சொல். 1967-இல் வந்த குவாட் 33 என்ற ப்ரீ-ஆம்ப்பை அதன் தயாரிப்பாளர்களே ‘கன்ட்ரோல் யூனிட்’ என்றுதான் அழைத்தார்கள். கட்டுப்பாட்டு அலகு என்ற தமிழும் தவறில்லை.

எவ்வளவு தணிக்கிறது? 88 டெசிபெல் (1 வாட்டுக்கு 1 மீட்டரில் எழும் ஒலி) ஸ்பீக்கரில் 1 வாட்டே அறைக்குப் போதும். அதற்கு டாக்கிலிருந்து 0.14 வோல்ட், அதாவது மைனஸ் 23 டெசிபெல். ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல் என்றால் ஏறக்குறைய 4 பிட். 24 பிட் டாக்கில் 16 பிட் பாட்டுக்கு 8 பிட் இடம் மிச்சமிருப்பதால் எதுவும் தொலையாது. ஆனால் டிஜிட்டல் வால்யூமைக் குறைத்தாலும் டாக்கின் சொந்த இரைச்சல் குறையாது. எக்ஸ்எல்ஆரில் குமிழ் எப்போதும் மைனஸ் 45-இலேயே கிடந்தால், ஆம்ப்பின் கெயின் (பெருக்கும் அளவு) சுவிட்சைக் குறையுங்கள். சுவிட்ச் இல்லையென்றால் 10 டெசிபெல் தணிப்பியை ஆம்ப்பின் உள்ளீட்டில் செருகுங்கள்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. டாக் ‘லைன்’ நிலையில் (மாறாத முழு வெளியீடு) இருந்தால் குமிழ் வேலை செய்யாது. முழு 2 வோல்ட்டும் ஆம்ப்புக்குள் பாயும், ட்வீட்டர் எரியலாம். முதலில் டாக்கை மட்டும் போட்டு, குமிழ் வேலை செய்யும் ‘ப்ரீ’ நிலைக்கு மாற்றி, வால்யூமை அடியில் வைத்து, டாக்கின் உள்ளே இருக்கும் ரிலே சுவிட்சின் ‘க்ளிக்’ கேட்ட பிறகே பவர் ஆம்ப்பைப் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப் முதலில். ரீசெட், ஃபர்ம்வேர் அப்டேட் ஆனபின் சில டாக்குகள் லைன் நிலைக்கே திரும்பிவிடும்.

கடையில் ‘ப்ரீ-அவுட் இருக்கா’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘குமிழைத் திருப்பினா அந்த அவுட்டோட வோல்டேஜ் மாறுமா’ என்று கேளுங்கள்.