எலும்புப்புரை: தேய்மானம் வேறு, புரை வேறு

திருநெல்வேலிப் பக்கம் வயதானவர்களின் எலும்புத் தொல்லை எதுவானாலும் ஒரே பதில்தான்: "வயசாச்சுல்லா, எலும்பு தேஞ்சு போச்சு." முழங்கால் பிடித்துக்கொண்டு படியேற முடியாத ஆச்சிக்கும் அதே சொல். நடைக்கல்லில் சறுக்கி இடுப்பு ஒடிந்த ஆச்சிக்கும் அதே சொல். இரண்டும் வெவ்வேறு நோய்.

முதல் ஆச்சிக்கு வந்தது மூட்டுத் தேய்மானம், அதாவது ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ். மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு கெடுகிறது, வலிக்கிறது, வீங்குகிறது. இரண்டாம் ஆச்சிக்கு வந்தது ஆஸ்டியோபோரோசிஸ். இதில் எலும்பின் உள்ளே இருக்கும் பொருளே குறைகிறது, ஆனால் ஒடியும்வரை வலிக்காது. வலி இல்லாததால் யாரும் தேடுவதில்லை. 'தேய்மானம்' என்ற பொதுச்சொல் அந்தத் தேடாமைக்குத் துணைபோகிறது.

ஆஸ்டியோபோரோசிஸ் கிரேக்க வேர்களில் கட்டிய சொல். 'ஆஸ்டியோன்' எலும்பு, 'போரோஸ்' வழி, துளை, 'ஓசிஸ்' நோய்நிலையைக் குறிக்கும் விகுதி. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்ட்ராஸ்பர்க்கைச் சேர்ந்த நோயியல் அறிஞர் லோப்ஸ்டைன் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதோடு இந்த நோயை முடிச்சுப் போட்டவர் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட், அது 1940களில். அளவுகோலை வைத்து வரையறுத்தது உலக சுகாதார நிறுவனம், 1994இல்.

தமிழில் இதற்கு எலும்புப்புரை என்பதே பொருத்தம். புரை என்றால் உள்துளை, பொந்து. குற்றம் என்றும் பொருள். குறளின் 'புரைதீர்ந்த நன்மை' குற்றமற்ற நன்மை. புண் உள்ளே குழி பறித்தால் புரையோடுகிறது. கண்புரையில் துளை ஏதும் இல்லை, அங்கே குற்றப்பொருள்தான் நிற்கிறது. எலும்பிலோ இரண்டு பொருளும் சேர்ந்தே பொருந்துகின்றன. எழுதும்போது எலும்புக்கூடு போலவே ஒற்று மிகும்: எலும்புப்புரை.

உடன்குடி, திசையன்விளைப் பக்கத்துக்காரர்களுக்குப் பனையை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். பனையின் வெளிச்சுற்று கெட்டியான வைரம், நடுவில் மெத்தென்ற சோறு. எலும்பும் அப்படித்தான்: வெளியே கெட்டி ஓடு, உள்ளே தேன்கூடு போன்ற வலைப்பின்னல். ஒரு வித்தியாசம்: பனையில் பாரம் தாங்குவது பெரும்பாலும் வைரம்தான், எலும்பில் அந்த வலைப்பின்னலும் பாரம் தாங்குகிறது. புரை முதலில் விழுவது அங்கேதான். அதனால் வலைப்பின்னல் மிகுந்த முதுகெலும்பும் மணிக்கட்டும் முன்னே ஒடிகின்றன, தொடையெலும்பின் கழுத்து பின்னே. 'இடுப்பு ஒடிஞ்சு போச்சு' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தத் தொடைக் கழுத்தைத்தான்.

போட்டிச் சொற்கள் சில உண்டு. 'எலும்பு மெலிதல்' மோசமில்லை. ஆனால் மென்மையாதலோடு குழம்பும். வைட்டமின் டி குறைந்து எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியா தனி நோய், அதற்கு மருந்தும் வேறு. 'எலும்புருக்கி' கூடவே கூடாது. பழைய வழக்கில் அது காசநோயின் பெயர்.

இனி, புரையை எப்படிக் கண்டுபிடிப்பது? டெக்ஸா ஸ்கேன் என்ற ஒருவகை எக்ஸ்ரே இடுப்பிலும் கீழ்முதுகிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும். இளவயதுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்பதுதான் டி-ஸ்கோர். -1க்கு மேல் சரி, -1க்கும் -2.5க்கும் நடுவில் குறைவு, -2.5 அல்லது அதற்குக் கீழ் எலும்புப்புரை. முதுகில் எலும்பு முள் வளர்ந்திருந்தால் அடர்த்தி பொய்யாகக் கூடிக் காட்டும், அப்போது இடுப்பு அளவை நம்ப வேண்டும். முந்தைய நாளிலிருந்தே கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டும். வயிற்றில் கரையாமல் கிடக்கும் மாத்திரையும் படத்தில் எலும்பாகவே தெரியும். மறுபரிசோதனையை அதே மெஷினில் செய்தால்தான் ஒப்பிட முடியும். முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியின் எண்ணை வைத்து நோயை முடிவு செய்யக் கூடாது.

ஸ்கேன் எல்லா ஊரிலும் கிடைக்காது. யாரை அனுப்புவது என்று பார்க்க, ஆசியப் பெண்களை வைத்தே உருவாக்கிய எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணின் எடையிலிருந்து வயதைக் கழித்து 5ஆல் வகுக்க வேண்டும். 45 கிலோ, 72 வயது என்றால் -5.4. -4க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். -1க்கு மேல் குறைவு. கூடவே, குதிகால் சுவரை ஒட்ட நேராக நிற்கச் சொல்லுங்கள். பின்மண்டை சுவரைத் தொடவில்லை, இளவயதைவிட 4 செ.மீ. உயரம் குறைந்திருக்கிறது என்றால் முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருக்கலாம். அதைத்தான் 'கூன் விழுந்துட்டு' என்று விட்டுவிடுகிறோம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கு வருபவர்களே இதையும் பார்க்கலாம். ஓர் எடைமெஷினும் ஒரு சுவரும் போதும். ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ எலும்பைக் குறைக்கும் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 3 மாதத்துக்கு மேல் போகிறதா என்றும் கேட்க வேண்டும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் நாள் முழுக்க வீட்டுக்குள் தட்டோடு உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள்மேல், இத்தனை வெயிலடிக்கும் ஊரிலும் வெயில் படுவதில்லை; வெயில் படாவிட்டால் வைட்டமின் டி குறையும்.

சாப்பாட்டில் தினம் 1000 முதல் 1200 மி.கி. கால்சியம் வேண்டும். உளுந்தங்களியை யாரும் விட வேண்டாம்; ஆனால் கால்சியக் கணக்கில் கேழ்வரகு அதை முந்தும் (100 கிராமில் 340 மி.கி.க்கு மேல்). எள்ளில் கால்சியம் உண்டு, களியில் ஊற்றும் நல்லெண்ணெயில் இல்லை. டாக்டர் எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி வாரம் ஒன்றுதான். தினமும் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடக்கூடும்.

கால்சியம் மட்டும் கொடுத்து அனுப்புவது சிகிச்சை ஆகாது. பரவலாக எழுதப்படுவது அலெண்ட்ரோனேட் 70 மி.கி., வாரம் ஒரு மாத்திரை. விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத்தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதுவரை காப்பியும் இல்லை, கால்சியமும் இல்லை. வெறும் வயிற்றிலேயே 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் உடலில் சேரும். காப்பியோடு போட்டால் அதுவும் போச்சு. போட்டுவிட்டுச் சாய்ந்தால் உணவுக்குழாய் புண்ணாகக்கூடும். தொடங்கும் முன் சிறுநீரகத்தையும் பல்லையும் பார்த்துவிட வேண்டும். இந்த ஒழுங்குக்கு ஒத்துவராதவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஸோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. டிரிப்பில் ஏற்றலாம், முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சல் வரலாம், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைப் பாதியில் விட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கக்கூடும்.

பெரிய ஓட்டை இருப்பது டிஸ்சார்ஜ் சீட்டில். நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஒரு முதியவருக்குத் தொடைக் கழுத்தோ முதுகெலும்போ ஒடிந்தால், புற்றுநோய் போன்ற வேறு காரணம் இல்லாதபோது அதுவே எலும்புப்புரைக்குச் சான்று. ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டாம். சீட்டில் 'எலும்பு முறிவு' என்று மட்டும் எழுதினால் கம்பி வைத்ததோடு வைத்தியம் முடிந்துவிடும். 'எலும்புப்புரையால் முறிவு' என்று எழுதினால், அடுத்துப் பார்க்கும் டாக்டர் மாத்திரை எங்கே என்று கேட்பார்.