ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் எவ்வளவு தூரம் உழைக்கும்?

பணிமனைக்கு வண்டியைக் கொண்டுவருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இந்த எஞ்சின் இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?" என்பதுதான். 100 முதல் 125 சிசி வரையிலான நான்கு-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எஞ்சின், முறையாகப் பராமரிக்கப்பட்டால், சிலிண்டர் ஹெட்டை (வால்வுகள் அமைந்த மேற்பகுதி) கழற்ற வேண்டிய தேவையே இல்லாமல் 80,000 கிலோமீட்டரைக் கடப்பது அரிதான செய்தியன்று. ஒரு லட்சத்தைத் தாண்டியும் புகையின்றி ஓடும் வண்டிகள் எங்களிடம் தொடர்ந்து வருகின்றன. அதே அளவுள்ள ஸ்கூட்டர் எஞ்சின்கள், என் அனுபவத்தில், 50,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது வால்வு வேலையைக் கேட்கத் தொடங்குகின்றன. ஆனால் இவற்றோடு ஒரே வடிவமைப்பில் வெளிவந்த வேறொரு எஞ்சின் 25,000 கிலோமீட்டரிலேயே நீலப் புகையோடு வந்து நிற்பதும் உண்டு. உரிமையாளர் அதைத் தயாரிப்புக் குறை என்று நினைக்கிறார். கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் தெரியவருவது, அது ஆயில் குறைந்த நிலையில் நெடுநாள் ஓடியிருக்கிறது அல்லது வடிகட்டப்படாத தூசியை உள்ளே இழுத்திருக்கிறது என்பதே.

சிறிய எஞ்சின் எவ்வளவு கடுமையாக உழைக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். 100 சிசி வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) நிமிடத்துக்கு ஏறத்தாழ 5000 முறை சுழல்கிறது. அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 72 வினாடிகள் ஆகும். அதற்குள் 6000 சுற்றுகள் முடிந்துவிடுகின்றன. ஒரு லட்சம் கிலோமீட்டர் என்றால் 60 கோடிச் சுற்றுகள். புதிய எஞ்சினில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள் மட்டுமே. பல எஞ்சின்களில் அது 0.1 மில்லிமீட்டரை நெருங்கினாலே தேய்மான எல்லையைத் தொட்டுவிட்டதாகக் கொள்ள வேண்டும். இவ்வளவு சிறிய தேய்மானத்தை இத்தனை கோடிச் சுற்றுகளுக்குத் தள்ளிப்போட வேண்டுமானால், உலோகத்தோடு உலோகம் உரசாமல் ஆயில் படலம் எப்போதும் இடையில் நின்றாக வேண்டும்.

அந்த ஆயிலோ மிகக் குறைவாகவே இருக்கிறது. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் 700 முதல் 800 மில்லிலிட்டர், சிறிய மோட்டார் சைக்கிள்களில் ஒரு லிட்டர் அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. கார் எஞ்சினில் மூன்று, நான்கு லிட்டர் இருக்கும். பயன்பாட்டில் இருக்கும் எஞ்சின் சிறிதளவு ஆயிலை எரிப்பது இயல்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். 700 மில்லிலிட்டர் கொள்ளும் ஸ்கூட்டர் ஒன்று 1000 கிலோமீட்டருக்கு 100 மில்லிலிட்டர் ஆயிலை எரிக்கிறது என்று கொள்வோம். வெளியே புகை எதுவும் தெரியாது. 3000 கிலோமீட்டரில் சர்வீசுக்கு வரும்போது உள்ளே 400 மில்லிலிட்டர் மட்டுமே மிஞ்சியிருக்கும். எரிந்தது போக எஞ்சியிருக்கும் அந்தச் சிறிதளவு ஆயிலே மொத்த வெப்பத்தையும் அழுக்கையும் சுமந்து விரைவில் கெடுகிறது. கெட்ட ஆயில் ரிங்குகளை ஒட்டவைக்கிறது. ஒட்டிய ரிங் இன்னும் அதிகமாக ஆயிலை எரிக்கிறது. சர்வீஸ் தேதியைத் தவறவிடாத உரிமையாளரின் எஞ்சின்கூடப் பாழாவது இப்படித்தான். ஆகவே, இரண்டு சர்வீஸ்களுக்கு இடையில் ஆயில் அளவைப் பார்ப்பதையே எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கும் முதல் பழக்கமாக நான் கருதுகிறேன். சிறிய வண்டிகள் பலவற்றில் ஆயில் குறைந்ததை அறிவிக்கும் விளக்கே கிடையாது என்பதால், உரிமையாளரின் கண்ணே அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அளவு பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. வண்டி சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் காட்டும் அளவு பொய்யாகும். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் கீழே வடிந்து சேர இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மீண்டும் இறக்கிப் பார்க்க வேண்டும். மறையைத் திருகாமல் வெறுமனே வைத்துப் பார்ப்பதா, திருகிப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அல்லது குறைவாக ஓட்டுபவர்கள் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. மிகுதியான ஆயிலைக் கிராங்க் கடைந்து நுரையாக்கும். அது மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள்ளும் புகும்.

ஆயில் மாற்றும் இடைவெளியைப் பொறுத்தவரை, கையேடு கிலோமீட்டரையும் மாதக் கணக்கையும் சேர்த்தே சொல்கிறது. எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. இந்த மாதக் கணக்கைத்தான் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்கு நீர் உண்டாகிறது. அதில் மிகப் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும் என்றாலும், சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டினால் அது ஆவியாகி வெளியேறும். நாளுக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டுமே சென்று திரும்பும் வண்டியில் அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. நீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து, மூடியின் உட்புறத்தில் பால் நிறத்தில் கூழ் போலப் படிகின்றன. நாள் முழுவதும் ஓடும் விநியோக வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி நல்ல நிலையில் இருப்பதையும், அருகில் மட்டுமே சென்றுவரும் ஸ்கூட்டர் 20,000 கிலோமீட்டரில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தேய்ந்து வருவதையும் இதனால்தான் பார்க்கிறோம். குறைந்த தூரம் ஓட்டுபவர்கள் கிலோமீட்டர் முடியட்டும் என்று காத்திராமல் மாதக் கணக்கின்படி ஆயிலை மாற்ற வேண்டும்.

மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பல சிறிய எஞ்சின்களில் காகித ஆயில் ஃபில்டர் இல்லை. பெரிய துகள்களைத் தடுக்கும் கம்பி வலையும், சிலவற்றில் சுழற்சி விசையால் அழுக்கை ஒதுக்கும் அமைப்பும் மட்டுமே இருக்கின்றன. நுண்ணிய அழுக்கை வெளியேற்ற ஆயிலை வடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால் எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்துவிடுவது நல்லது. வடிக்கும் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி அலுமினிய மறையைக் கெடுத்த வண்டிகள் ஏராளம் என்பதால், வாஷரை மாற்றி, உரிய விசையில் இறுக்கும்படி பணியாளரிடம் கேளுங்கள்.

மோட்டார் சைக்கிளில் கிளட்சும் கியரும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்த கார் ஆயிலை அதில் ஊற்றினால் கிளட்ச் நழுவக்கூடும். ஜாஸோ (JASO) என்ற ஜப்பானியத் தரத்தின் எம்ஏ குறியீடு உள்ள ஆயில் இத்தகைய கிளட்சுக்கு உரியது. எம்பி என்பது உராய்வு குறைந்த வகை, கிளட்ச் தனியாக உலர்ந்த நிலையில் இருக்கும் ஸ்கூட்டர்களுக்குப் பொருந்துவது. சத்தம் குறையும் என்று கெட்டியான ஆயிலுக்கு மாறுவதை நான் ஏற்பதில்லை. குறுகிய வழிகளைக் கொண்ட எஞ்சினில் கெட்டியான ஆயில் குளிர்ந்த காலையில் ஹெட்டை அடையத் தாமதிக்கிறது. அந்தச் சில வினாடிகளில்தான் கேமும், அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கரும் தேய்கின்றன. ஸ்கூட்டரின் பின்சக்கர கியர்பெட்டிக்குத் தனி ஆயில் உண்டு என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஆயில் குறைவுக்கு அடுத்த எதிரி தூசி. மண்தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் துகள், சிலிண்டரின் வார்ப்பிரும்பை விடவும் கடினமானது. அது ஆயிலோடு கலந்தால் உப்புத்தாள் போலச் சிலிண்டரை அராவும். ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ, அதன் மூடி சரியாக அமராமல் இருந்தாலோ, பெட்டிக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஒரு எஞ்சின் முடிந்துபோகும். அடைத்துக்கொண்ட ஃபில்டரும் தீங்குதான். கார்புரேட்டர் வண்டிகளில் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகும்போது, மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடுகிறது. எண்ணெய் பூசிய காகித ஃபில்டரைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து மீண்டும் பொருத்துவது பணிமனைகளில் பரவலாக இருக்கும் தவறு. அதைச் சுத்தம் செய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஃபோம் வகையைக் கழுவலாம். உலர்ந்த பின் அதற்குரிய எண்ணெயை நனைத்துப் பிழிந்து பொருத்த வேண்டும். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்குக் கையேடு சொல்லும் இடைவெளியில் பாதி போதும் என்று நான் பரிந்துரைக்கிறேன்.

ஸ்கூட்டர் எஞ்சின் உறைக்குள் அடைபட்டிருப்பதால், அதைக் குளிர்விப்பது கிராங்கோடு சுழலும் விசிறிதான். அதன் முன்னுள்ள வலையில் சேறும் இலையும் அடைத்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிளின் ஹெட்டைச் சுற்றியுள்ள தகடுகளுக்கிடையே சேறு காய்ந்து நிற்கும். கழுவும்போது இவற்றைக் கவனித்தாலே போதும்.

வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலுள்ள இடைவெளியை, அதாவது டேப்பெட்டை, பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. சத்தம் வந்தால்தான் அதைத் தொட வேண்டும் என்று பலர் நம்புகின்றனர். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து மேலேறும்போது இடைவெளி குறைகிறது. அப்போது எஞ்சின் முன்பைவிட அமைதியாகவே ஓடும். இடைவெளி முற்றிலும் அற்றுப்போனால் வெளியேற்று வால்வு முழுமையாக மூடாது. தன் வெப்பத்தை இருக்கைக்குக் கடத்த முடியாமல் அதன் விளிம்பு எரிந்துவிடும். காலையில் கிளம்ப மறுப்பது, ஐடிலிங்கில் நின்றுவிடுவது ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளைக் கொண்டு அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்வது சிறிது நேரத்தில் முடியக்கூடிய வேலை. வால்வு எரிந்தபின் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

தேய்மானம் தொடங்கிவிட்டதா என்பதைப் புகையின் நேரத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். முறுக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் ரிங் அல்லது சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் கிளப்பியதும் ஒரு கணம் வந்து மறைந்தால், அல்லது நீண்ட இறக்கத்துக்குப் பின் முறுக்கும்போது மட்டும் வந்தால், வால்வு தண்டின் ஆயில் சீல் கெட்டிருக்கலாம். இதற்குச் சிலிண்டரை மாற்றத் தேவையில்லை. உறுதி செய்துகொள்ள, எஞ்சினைச் சூடாக்கி, த்ராட்டிலை முழுவதும் திறந்து வைத்துக் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளக்க வேண்டும். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்கலாம்: அழுத்தம் ஏறினால் குறை ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். இந்தச் சோதனையைச் செய்யாமல் "போர் போட வேண்டும்" (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும்) என்று சொல்லும் முடிவை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

உண்மையிலேயே எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால், தேய்ந்த சிலிண்டரில் ரிங்கை மட்டும் மாற்றிச் சமாளிப்பது பயன் தராது. சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், இரண்டு திசைகளில் அளந்து, எல்லையைத் தாண்டியிருந்தால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிதாக்கி அதற்குரிய பிஸ்டனைப் பொருத்த வேண்டும். நிக்கல் பூச்சுள்ள சிலிண்டரை இப்படிப் பெரிதாக்க இயலாது, புதியதைத்தான் வாங்க வேண்டும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக இழுக்கும்போது சிறிதும் ஆட்டம் இருக்கக் கூடாது. இருந்தால் கிராங்கையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் புதிய பிஸ்டனின் முழு அழுத்தத்தைத் தேய்ந்த பேரிங் நெடுநாள் தாங்காது. ஹோனிங் செய்த (உட்சுவரில் கல்லால் நுண்கோடுகள் இட்ட) சிலிண்டரைப் பெட்ரோலால் மட்டும் கழுவினால் கல்தூள் அந்த நுண்கோடுகளிலேயே தங்கிவிடும். சூடான நீரும் சோப்பும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஒட்டாத வரை கழுவி, உடனே ஆயில் தடவ வேண்டும். பொருத்திய பின் முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமலும் முழு முறுக்குக் கொடுக்காமலும் ஓட்டி, அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். புதிய ரிங்குகள் சிலிண்டரோடு படியும்போது உதிரும் உலோகத் துகள்கள் பெரும்பாலும் அந்த முதல் ஆயிலில்தான் இருக்கும்.