ஆன்டிமைக்ரோபியல்: கொல்லியா, தடுப்பியா?

தொண்டாமுத்தூரிலும் உடுமலையிலும் தக்காளி வெள்ளாமை செய்கிறவர்களிடம் இலைச்சுருள் நோயைப் பற்றிக் கேட்டால், "வைரஸ் கொல்லி அடித்தும் கேட்கவில்லை" என்று அலுத்துக்கொள்வார்கள். மூலிகைச் சாறு என்று சொல்லி விற்ற புட்டியாகவும் அது இருக்கும். அந்தக் 'கொல்லி' என்ற பெயரே பிழை என்பது என் கருத்து.

'ஆன்டிமைக்ரோபியல்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'ஆன்டி' என்றால் கிரேக்கத்தில் எதிரானது. 'மைக்ரோப்' 1878இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் செடியோ உருவாக்கிய சொல். கிரேக்கத்தின் சிறுமை, உயிர் என்ற இரு சொற்களின் சேர்க்கை. நம் 'நுண்ணுயிர்' அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆகவே பொதுப்பெயராக 'நுண்ணுயிர் எதிர்ப்பி' போதும். ஆன்டிபயாட்டிக்கையும் பலர் இதே சொல்லால் குறிக்கிறார்கள், அது சரியல்ல. 1940களில் நுண்ணுயிரியலாளர் வாக்ஸ்மன் அந்தச் சொல்லை, ஒரு நுண்ணுயிர் இன்னொன்றை ஒடுக்கச் சுரக்கும் பொருளுக்கே வைத்தார். அதை 'உயிர் எதிர்ப்பொருள்' என்போம். துளசிச் சாறு அந்தக் கணக்கில் வராது.

எதிர்ப்பி என்ற குடைக்குள் கொல்லியும் தடுப்பியும் தனித்தனி. பாக்டீரியாவில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அகார் என்ற கடற்பாசிக் கூழ் நிரப்பிய தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையை நடுவில் வைத்து, ஓர் இரவு 37 டிகிரி வெப்பத்தில் விடுவார்கள். காலையில் தட்டு முழுக்க மங்கலாகப் படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம். உடனே 'கொன்றுவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். வளையம் சொல்வது அங்கே வளரவில்லை என்பதை மட்டும். அந்த இடத்தில் தொட்டெடுத்துப் புதிய வளர்ப்புக் கூழில் இட்டு, மறுபடி வளர்ந்தால் சாறு தடுப்பி, வளராவிட்டால்தான் கொல்லி. ஒரே சாறு குறைந்த அளவில் தடுப்பியாகவும் கூடிய அளவில் கொல்லியாகவும் இருப்பதுண்டு. 'கிராம் நெகடிவ்' என்ற வகைப் பாக்டீரியாவுக்கு வெளிப்புறம் கூடுதலாக ஒரு சவ்வு இருப்பதால், பல மூலிகைகள் அதனிடம் எடுபடுவதில்லை.

'எக்ஸ்ட்ராக்ட்' என்பதற்கு எப்போதும் 'சாறு' என்று எழுதுவதும் குழப்பம் தருகிறது. லத்தீனில் அதன் பொருள் வெளியே இழுத்தெடுத்தது. ஈரோட்டு மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்ற பொருள் தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். ஆல்கஹாலில் நன்றாக இறங்கும். பிழிந்ததைச் சாறு என்றும், காய்ச்சி வடித்ததைச் சித்த மருத்துவ வழக்கப்படி குடிநீர் என்றும், கரைப்பானில் ஊறவைத்து எடுத்ததை வடிசாறு என்றும் பிரித்தெழுதினால் வாசிப்பவருக்கு என்ன செய்தார்கள் என்பது விளங்கும்.

இனி வைரஸ். லத்தீனில் நஞ்சு என்று பொருள். தேமல் கண்ட புகையிலையின் சாற்றை, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்த பின்னும் அது நோயைப் பரப்பியது. 1898இல் டச்சு நுண்ணுயிரியலாளர் பெய்ரிங்க் அந்தக் காரணிக்கு இந்தப் பெயரை வழங்கினார். 'நச்சுயிரி' அந்தப் பொருளின் வழியே வந்தது. ('மொசைக்' நோய்க்குத் 'தேமல்' என்று பெயரிட்டவரைக் கும்பிட வேண்டும், இலையைப் பார்த்தாலே புரிந்துவிடுகிறது.) நச்சுயிரி அகாரில் வளராது, செடியின் செல்லுக்குள் மட்டுமே பெருகும். அதனால் சோதனையும் இலையில்தான். நிலக்கடலை மொட்டுக்கருகல் நச்சுயிரி என்றால், தட்டைப்பயறு இலையின் ஒரு பாதியில் சாறு கலந்தும் மறுபாதியில் கலக்காமலும் அதைத் தேய்த்து, இருபுறமும் தோன்றும் புள்ளிகளை எண்ணி ஒப்பிடுவார்கள்.

வரப்பில் படரும் மூக்கிரட்டையின் வேரிலும் அந்திமந்தாரை இலையிலும் உள்ள புரதங்கள் இப்படிப் புள்ளிகளைக் குறைக்கின்றன. மூக்கிரட்டைப் புரதம் செடியின் சொந்த எதிர்ப்பாற்றலை எழுப்பிவிடுகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் மொட்டுக்கருகலுக்குப் பரிந்துரைத்ததும் இந்த வழிதான்: காய்ந்த சோளத்தழை அல்லது தென்னை ஓலைத் தூள் 1 கிலோவை 2 லிட்டர் தண்ணீரில் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கி, துணியில் வடித்து, 10 லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். விதைத்த 10ஆம் நாளும் 20ஆம் நாளும் தெளிப்பு. இளம்பயிரிலேயே, நோய் முற்றுமுன் அடிப்பதற்குக் 'கொல்லி' என்று பெயர் எப்படிப் பொருந்தும்? 'நச்சுயிரித் தடுப்பி' என்று புட்டியில் அச்சிட்டால், எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் அந்தப் பெயரே உணர்த்தும். சுருண்டுவிட்ட தக்காளியை எந்தத் தழைச்சாறும் நிமிர்த்தாது. அந்தச் செடியைப் பிடுங்கி அழித்துவிட்டு, நோயைச் சுமந்து திரியும் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதே வழி.