பூட்டு இருந்தது, கடைதான் இல்லை

“பூட்டுப் படம் இருந்துச்சே தம்பி. நீதானே பார்க்கச் சொன்ன?”

சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். 2022-இல் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஓர் அக்கா வந்து இப்படிக் கேட்டார். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முகநூலில் வந்த விளம்பரத்தைத் தொட்டிருக்கிறார், ஒரு சேலைக் கடை திறந்திருக்கிறது. முன்பதிவுக்கு 5 வெள்ளி கட்டினால் போதும், அதற்கு எங்கள் செயலியை இறக்குங்கள் என்று பொத்தான் காட்டியிருக்கிறது. இறக்கினார், வங்கியைத் தேர்ந்தெடுத்தார், பெயரும் கடவுச்சொல்லும் தட்டினார். ‘தவறு, மீண்டும் முயலவும்’ என்று வந்தது. இன்னொரு முறை தட்டினார், அதே பதில். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சமைக்கப் போய்விட்டார். விடிந்தபோது கணக்கில் 1,900 வெள்ளி குறைந்திருந்தது.

உலாவியில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பூட்டைப் பார்க்கச் சொன்னது நான்தான். பல வருடமாக எல்லோருக்கும் அதைத்தான் சொல்லி வந்தேன். அரைகுறையான அறிவுரை.

பூட்டு சொல்வது இவ்வளவுதான்: உங்கள் கைப்பேசிக்கும் அந்த இணையத்தளத்துக்கும் நடுவே போகிற பேச்சை வேறு யாரும் ஒட்டுக் கேட்க முடியாது. தளத்தைத் திறந்ததும் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்குகின்றன. அந்தச் சாவி கம்பியில் பயணிப்பதே இல்லை, அதனால் நடுவில் காதை வைத்திருப்பவனுக்குச் சிக்காது. கூடவே தளம் ஒரு சான்றிதழைக் காட்டும். ‘இந்த முகவரி இன்னார் கையில் இருக்கிறது’ என்பதற்கான சான்றிதழ் அது. அதை வாங்க என்ன செய்ய வேண்டும்? சான்றிதழ் தரும் அமைப்பின் கணினி, ‘நான் சொல்லும் கோப்பை உன் தளத்தில் இந்த இடத்தில் வை’ என்று கேட்கும். வைத்துக் காட்டினால் தந்துவிடும். எல்லாம் இயந்திரம் பார்க்கிற வேலை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இதை இலவசமாகவே தருகிறது. நல்ல காரியம்தான், உலகத்து இணையமே அதனால் பத்திரமானது. ஆனால் கடையில் சேலை இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. திருடனும் ஐந்து நிமிடத்தில் பூட்டு வாங்கிக்கொள்கிறான். அக்கா திருடனிடம்தான் பேசினார், அந்தப் பேச்சை வேறு யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. பூட்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

கூகுள் 2021-இல் நடத்திய ஆய்வில், பூட்டுச் சின்னத்தின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 11 விழுக்காட்டினர்தான். 2023-இல் குரோம் உலாவியிலிருந்து அந்தப் பூட்டையே எடுத்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? முகவரியை. அதைப் படிக்கும் முறைதான் பலருக்குத் தெரியாது. தோட்டத்துக்கு வரும் கடிதத்தில் மேலே வீட்டு எண், அப்புறம் லயம், டிவிசன், தோட்டம், கடைசியில் ஊர். கடிதம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைத் தபால்காரர் கடைசி வரியில்தான் பார்ப்பார். இணைய முகவரியும் அதே மாதிரிதான், சொந்தக்காரர் யார் என்பது வலது கோடியில் இருக்கும். நல்லகடை.காம்.மை என்று ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருடன் வைக்கும் முகவரி நல்லகடை.காம்.மை.தீபாவளிசலுகை.டாப் என்று இருக்கும். நம் கண் இடது பக்கம் பழகிய பெயரைப் பார்த்ததும் நின்றுவிடும். ஆனால் இதன் சொந்தக்காரர் தீபாவளிசலுகை.டாப். முன்னால் இருக்கும் ‘நல்லகடை’ அவன் வீட்டு அறைக்கு அவனே வைத்த பெயர், அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. எனவே முகவரியில் ‘https://’ என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக இரண்டு துண்டு படியுங்கள், காம்.மை என்று முடிந்தால் மூன்று துண்டு. மற்றதெல்லாம் ஒப்பனை.

அக்காவின் கைப்பேசிக்குள் நடந்தது அதைவிட நுட்பமானது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், எட்டு மலேசிய வங்கிகளின் வாடிக்கையாளர்களைக் குறிவைத்த போலிக் கடைச் செயலிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. வீடு சுத்தம் செய்யும் சேவை, செல்லப்பிராணிக் கடை என்று வேடங்கள் வேறு வேறு. அதைப் படித்துவிட்டு அக்காவின் கைப்பேசியைத் திறந்தால், வரிக்கு வரி அதே கதை.

முதலில் அந்தப் பொத்தான். கூகுள் பிளே சின்னம் போட்டிருக்கும், தொட்டால் கூகுள் பிளேவுக்குப் போகாது. திருடனின் கணினியிலிருந்து நேராக ஒரு ஏ.பி.கே. கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, இறங்கும். ‘தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி, நிறுவலாமா?’ என்று ஆண்ட்ராய்டு கேட்கும். இதுதான் வாசல். அக்கா ‘ஆம்’ என்றார். அடுத்து, குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். சேலை விற்கிறவனுக்கு என் குறுஞ்செய்தி எதற்கு என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

பிறகு பணம் கட்டும் பக்கம். வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கடைக்குப் பணம் கட்டும் உண்மையான எஃப்.பி.எக்ஸ். முறையில், வங்கியைத் தேர்ந்தெடுத்ததும் கடை உங்களை வங்கியின் சொந்தத் தளத்துக்கு அனுப்பிவிடும். கடவுச்சொல்லை அங்கேதான் தட்டுவீர்கள், கடைக்காரர் கண்ணில் அது படாது. போலிச் செயலியோ எங்கேயும் அனுப்பாது. வங்கிச் சின்னங்களை வரிசையாக வரைந்து வைத்து, பெட்டியையும் தானே காட்டும். நீங்கள் தட்டியது நேராகத் திருடனுக்குப் போகும்.

அப்புறம்தான் அந்த ‘தவறு’ செய்தி. எனக்கு மிகவும் பிடித்த, அதாவது மிகவும் கோபமூட்டிய இடம் இது. கடவுச்சொல் தவறே இல்லை, சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு ஏன் தவறு என்று சொல்ல வேண்டும்? பணம் கட்டியாயிற்று என்று சொன்னால் அக்கா கணக்கைத் திறந்து பார்ப்பார், 5 வெள்ளி குறையவில்லையே என்று யோசிப்பார். தவறு என்றால், நம் விரல்தான் ஏதோ பிசகிவிட்டது என்று நினைத்து எழுந்து போய்விடுவார். தோட்டத்தில் படிக்காமல் வளர்ந்த நமக்கு இயந்திரம் சரியாக வராது என்று அக்காவே முடிவு கட்டிக்கொள்கிறார். அந்தத் தாழ்வு மனப்பான்மைதான் அவனுக்கு வேண்டிய நேரத்தை வாங்கித் தருகிறது.

விடியற்காலை மூன்று மணிக்கு அவன் எங்கோ உட்கார்ந்து அக்காவின் கணக்கில் நுழைகிறான். வங்கி அக்காவின் எண்ணுக்கு டெக் நம்பர், அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் ஒப்புதல் எண், அனுப்புகிறது. கைப்பேசி தலைமாட்டில் இருக்கிறது, அக்கா தூங்குகிறார். செயலி தூங்கவில்லை. வந்த குறுஞ்செய்தியைப் படித்து அவனுக்கு அனுப்பிவிடுகிறது. “நான் யாருக்கும் நம்பர் சொல்லவே இல்லையே” என்று அக்கா அழுதது முழு உண்மை. காலையில் அந்தச் செய்திகள் கைப்பேசியில் வரிசையாகக் கிடந்தன.

டெக் நம்பரின் பலவீனம் இங்கேதான். வங்கியின் கணினி ஓர் ஆறிலக்க எண்ணைக் குருட்டாம்போக்கில் உருவாக்கும். அதே எண் சில நிமிடங்களுக்குள் திரும்பி வந்தால் கதவைத் திறக்கும். யார் கையால் தட்டப்பட்டது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் அந்தச் செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வங்கிகள் குறுஞ்செய்தி டெக்கை விட்டு வெளியேற வேண்டும் என்று அறிவித்தது. இப்போது பல வங்கிகள் தங்கள் செயலியிலேயே ஒப்புதல் கேட்கின்றன. முதல்முறை பதியும்போது கைப்பேசிக்குள் ஒரு ரகசியச் சாவி உருவாகும், அது கைப்பேசியை விட்டு வெளியே போகாது. ஒரே ஒரு கைப்பேசிதான் ஒப்புதல் தரலாம். புதுக் கைப்பேசியில் பதிந்தால் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைப் பற்றி என் கடையில் எல்லோரும் திட்டுகிறார்கள். திருடன் உங்கள் பெயரில் பதிந்தாலும் அவனும் காத்திருக்க வேண்டும், அதற்குள் உங்களுக்கு எச்சரிக்கை வந்துவிடும் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஒப்புதல் கேட்கும் திரையில் தொகையும் பெறுபவர் பெயரும் இருக்கும். அதைப் படிக்காமல் ‘ஆம்’ தொட்டால் எந்தச் சாவியும் உதவாது.

எந்தச் செயலியும் இறக்க வேண்டியில்லாத ஏமாற்று இதைவிட எளிது: பணத்தை அனுப்பச் சொல்லிவிட்டுப் பொருளை அனுப்பாமல் இருப்பது. எங்கள் அப்பா காலத்தில் தவுக்கே கடையில் 555 நோட்டு இருந்தது. அரிசி, மீன் டின், மண்ணெண்ணெய் எல்லாம் முதலில் வீட்டுக்கு வரும், காசு சம்பளத்தன்று போகும். நடுவில் இருக்கும் அந்த நாட்களின் பயம் தவுக்கேயுடையது. இயங்கலையில் அது தலைகீழ், காசு முதலில் போகிறது, பயம் நம்முடையது. ஷோப்பி, லசாடா போன்ற சந்தைகள் செய்த புத்திசாலித்தனம், பணத்தை நடுவில் பிடித்து வைப்பது. பொருள் கிடைத்தது என்று நீங்கள் அழுத்தும் வரை, அல்லது அதற்கான தவணை முடியும் வரை, விற்றவர் கைக்குக் காசு போகாது. ஆகவே மோசடிக்காரனின் முதல் வேலை உங்களை அந்தக் கூடாரத்திலிருந்து வெளியே இழுப்பது. “புலனத்துக்கு வாங்க, கமிஷன் இல்லாம 20 வெள்ளி குறைச்சுத் தரேன்” என்பான். அந்த 20 வெள்ளிக்கு நீங்கள் விற்பது உங்கள் ஒரே பிடிமானத்தை. பொட்டலத்தைப் பிரிக்கும் முன் ‘கிடைத்தது’ என்று அழுத்துவதும் அதே கதைதான்.

வெளியே போய்விட்டால் பணம் ஒரு கழுதைக் கணக்குக்குப் போகும். நாட்டில் எல்லோரும் சொல்லும் பெயரே அதுதான், கெல்டாய் அக்காவுன். சில நூறு வெள்ளிக்கு யாரோ ஒரு பையன் தன் வங்கி அட்டையை வாடகைக்கு விட்டிருப்பான். இதற்கென்றே 2024-இல் குற்றவியல் சட்டத்தில் புதுப் பிரிவுகள் சேர்த்தார்கள். டூயிட்நவ் என்ற உடனடிப் பரிமாற்ற முறையில் பணம் அனுப்பும் முன் கணக்குக்காரர் பெயர் திரையில் வரும். கடைப் பெயர் ஒன்று, அங்கே தனி ஆள் பெயர் இன்னொன்று என்றால் விரலை எடுத்துவிடுங்கள். ‘அக்கவுண்டன்ட் பெயர்’ என்று சமாளிப்பான். காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண் இரண்டையும் தேடலாம். ஏற்கெனவே புகார் வந்த எண் என்றால் காட்டும். நேற்றுத் திறந்த கழுதைக் கணக்கு அங்கே சுத்தமாகத்தான் தெரியும், அதனால் ‘ஒன்றும் இல்லை’ என்ற பதிலை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பணம் போய்விட்டால் நிமிடக் கணக்குதான். கழுதைக் கணக்கில் பணம் தங்காது, ஒன்றிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து பத்து என்று உடைந்து ஓடும். தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண், அக்காவுக்கு இது நடந்த அதே அக்டோபரில்தான் தொடங்கியது. வங்கிகளும் காவல்துறையும் சேர்ந்து அந்தப் பாதையை மறிக்கப் பார்ப்பார்கள். சந்தேகச் செயலி இறக்கியிருந்தால் கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து அழையுங்கள். பிறகு காவல் நிலையம். வெட்கப்பட்டு வீட்டில் மறைத்த நேரம்தான் பலருக்கு நஷ்டம். அக்காவும் மகனுக்குப் பயந்து மத்தியானம்வரை வாயைத் திறக்கவில்லை. வங்கியை அழைத்துச் சொன்னதும் கணக்கை முடக்கினார்கள், ஆனால் போனது போனதுதான்.

அவர் கைப்பேசியை முழுவதும் அழித்துத் திரும்ப அமைத்தேன். பேரப்பிள்ளை படங்களை மட்டும் முதலில் எடுத்து வைத்தோம்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு அவர் வீட்டு வாசலில் ஒரு பொட்டலம் வந்து நின்றது. பெயர் சரி, விலாசம் சரி, கையில் 39 வெள்ளி கொடுத்தால் தருவார்களாம். அவர் எதுவும் கேட்கவில்லை, வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. இப்படிக் கேட்காத பொருளை அனுப்பி, வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் காசு கறப்பதும் ஒரு தொழில். டெலிவரிப் பையனை வெயிலில் நிறுத்திவிட்டு எனக்கு அழைத்தார்.

“நான் கேக்கல தம்பி. பேர் என்னுதா இருந்தா பொருள் என்னுதாயிடுமா?”

“ஆகாதுக்கா.”

“அதான் திருப்பி அனுப்பிட்டேன். பாவம், அந்தப் பையனுக்குத் தண்ணி மட்டும் குடுத்தேன்.”