மலைக்கு இந்தப் பக்கம் கொட்டினாலும் அந்தப் பக்கத்து ஊற்றுக்குத்தான் போகும்

போன மாதமும் ஒன்று. சுண்ணாம்புப் பாறை மலைச்சரிவில் ஓர் உறிஞ்சு துளை (மேலே ஓடும் தண்ணீரை நிலத்துக்குள் இழுத்துக்கொள்ளும் குழி), அதற்குள் செத்த மாடும் பூச்சிமருந்து டப்பாக்களும். கொட்டியவரைக் கேட்டால், "ஊற்று மலைக்கு அந்தப் பக்கம்தானே சார் இருக்கு?" என்கிறார். நிலத்தடி நீர் ஆய்வுதான் எனக்கு வேலை. இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

வெளியே தெரியும் சரிவு வேறு, உள்ளே பாறை அடுக்குகளின் சாய்வு வேறு. தண்ணீர் பாறையைக் கரைத்து (எப்படி என்பது பள்ளிப் பாடம், விடுங்கள்) விரிசல் வழியே இறங்கும். நடுவில் தண்ணீரை உள்ளே விடாத களிப்பாறை அடுக்கு ஒன்று குறுக்கிட்டால், அது சாய்ந்திருக்கும் பக்கம் திரும்பிவிடும். அடுக்கு கிழக்கே சாய்ந்திருந்தால், மேற்குச் சரிவில் பெய்த மழையும் கிழக்கு ஊற்றில் வரலாம். குகைச் சுவரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: களிப்பாறைக் கோட்டுக்கு மேலே தண்ணீர் அரித்த பள்ளமும் சொட்டும் ஈரமும், கீழே காய்ந்த பாறை. மலையுச்சியை மணற்பாறை மூடியிருந்தால் ஓடைகள் அதன்மேல் ஓடிவந்து, சுண்ணாம்பு தொடங்கும் விளிம்பில் சட்டென்று காணாமல் போகும். உறிஞ்சு துளைகள் அங்கே வரிசை கட்டி நிற்பது அதனால்தான்.

ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் அருகே டான்யூப் ஆறே நிலத்துக்குள் இறங்குகிறது. அது எங்கே போகிறது என்று பார்க்க, 1877-இல் அதில் டன் கணக்கில் உப்பும் ஃபுளோரசின் என்ற பச்சைச் சாயமும் கலந்துவிட்டார்கள். சுமார் இரண்டரை நாளில், 12 கிலோமீட்டர் தள்ளி ஆக் ஊற்று பச்சையாகப் பொங்கியது. அந்த ஊற்று போய்ச் சேர்வது ரைன் நதியில். கருங்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் வடகடலுக்குப் போகிறது!

"பாறை வடிகட்டிவிடும்" என்பதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டுவது. வடிகட்டுவது மணல். மணலில் தண்ணீர் துகள் துகளாகத் தடவிக்கொண்டு மெதுவாகக் கசியும், அழுக்கும் கிருமியும் வழியில் ஒட்டிக்கொள்ளும். சுண்ணாம்புப் பாறையில் இருப்பதோ ஓட்டை, சில இடங்களில் ஆளே நுழையும் அகலத்தில். சாக்கடைக் குழாய் வடிகட்டுமா? கண்ணாடிபோல் தெளிந்த ஊற்றிலும் கிருமி இருக்கும். 2000-இல் கனடாவின் வாக்கர்டனில் கனமழைக்குப் பின், வெடிப்பு விழுந்த பாறைக்குள் இறங்கிய மாட்டுச் சாணம் குடிநீர்க் கிணற்றை எட்டியது. குளோரினும் போதுமான அளவு போடவில்லை. 7 பேர் இறந்தார்கள், 2,000 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள்.

சரி, செய்யவேண்டியது இவ்வளவுதான். துளையில் எதையும் கொட்டாதீர்கள், எதையும் என்றால் எதையும்தான். கழிவுநீர்க் குழியை அதன் அருகே தோண்டாதீர்கள். மழைக்குப் பின் ஊற்று கலங்கினாலும் சரி, தெளிந்திருந்தாலும் சரி, கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள். மழை நாளில் குகைக்குள் போகவே வேண்டாம், தண்ணீர் எந்த வழியாக வரும் என்று வெளியே நின்று சொல்ல முடியாது. கிணறு வெட்டுமுன் அடுக்கின் சாய்வை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். திசைகாட்டியும் சாய்வுமானியும் இருந்தால் அரை நாள் வேலை.

அப்புறம், துளையில் விட்ட சாயம் எந்த ஊற்றில் வருகிறது என்று பார்க்க, அதைப் பிடித்துவைக்க நாங்கள் ஊற்றில் கட்டிவைக்கும் கரிப்பொட்டலத்தை அவிழ்த்துக்கொண்டு போய்விடாதீர்கள், ப்ளீஸ். ஒரு வாரம் அப்படியே தொங்கட்டும்.