கேடி: காவல் நிலையப் பதிவேட்டில் பிறந்த சொல்

'அவன் சரியான கேடிப்பா' என்கிறோம். ஓசையும் பொருளும் பொருந்துவதால் 'கேடு'தான் கேடி ஆனது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இது கே.டி. என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள். 'நோன் டெப்ரடேட்டர்' என்பதன் சுருக்கம். 'நோன்' என்று ஒலித்தாலும் ஆங்கிலத்தில் அது கே எழுத்தில்தான் தொடங்கும். திருட்டு, கொள்ளைக்குப் பேர்போனவர் என்று பொருள். சென்னை மாகாணக் காவல் நிலையங்களில் இப்படிப்பட்டவர்களுக்குத் தனிப் பதிவேடு இருந்தது. அங்கிருந்து தெருவுக்கு வந்த சொல், இன்று குறும்பு செய்யும் பிள்ளைவரை போய்விட்டது. 'கேடித்தனம்' என்று விகுதியும் சேர்ந்துவிட்டது.

கேடி என்பது காவல் துறை வைத்த பெயர். நீதிமன்றம் அதைப் பார்த்துத் தண்டிப்பதில்லை. அங்கே கணக்கில் வருவது முன்தண்டனை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 13ஆம் பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 75) இதைப் பேசுகிறது. கள்ள நாணயம், கள்ள நோட்டு போன்றவையும் சொத்து தொடர்பான குற்றங்களும் அடங்கிய இரண்டு அத்தியாயங்களில், மூன்று ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஒருமுறை தண்டனை பெற்றவர், அந்த அத்தியாயங்களில் அதே அளவு சிறை விதிக்கத்தக்க இன்னொரு குற்றத்தைச் செய்தால் ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

இவ்வளவு கடுமையான விளைவு இருப்பதால்தான் அமர்வு நீதிமன்ற விசாரணையில் ஓர் அருமையான பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தானே ஒப்புக்கொண்டாலும் சரி, சாட்சிகளை விசாரித்து முடித்தாலும் சரி, இப்போதைய குற்றத்துக்கு அவர் குற்றவாளி என்று தீர்மானித்த பிறகுதான் முன்தண்டனைக் குற்றச்சாட்டை வாசிக்கலாம், அதைப் பற்றி அவரிடம் கேட்கலாம். 'ஏற்கெனவே திருடியவன்தானே' என்ற எண்ணம் இன்றைய வழக்கைக் கெடுத்துவிடக் கூடாது. அப்புறம், குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேர ஏற்பாடு 2006இல் நம் சட்டத்துக்கு வந்தது. அதே குற்றத்துக்கு முன்பு தண்டனை பெற்றவருக்கு அந்த வழி கிடையாது.

சரி, காவல் நிலையப் பதிவேட்டில் பெயர் உள்ளவரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தண்டனை பெறாதவர் பெயரிலும் அந்தப் பதிவேடு திறக்கப்படலாம். அவரை எப்படிக் குற்றவாளி என்பது? 'காவல் கண்காணிப்பில் உள்ளவர்' போதும். நீதிமன்றம் தண்டித்திருந்தால் 'முன்தண்டனை பெற்றவர்'. திரும்பத் திரும்பத் தண்டனை பெற்றவருக்கு 'வழக்கமான குற்றவாளி' பொருந்தும். வழக்கு நடந்துகொண்டிருந்தால், பழைய தண்டனைகள் எத்தனை இருந்தாலும், அந்த வழக்கில் அவர் 'குற்றம் சாட்டப்பட்டவர்' மட்டுமே.